மாற்றலாமா, வேண்டாமா: ஜூம் லென்ஸின் வரலாறு

குவியத் தூரத்தை ஒரே லென்ஸுக்குள் கூட்டவும் குறைக்கவும் வழிசெய்வது ஜூம் லென்ஸ். நின்ற இடத்திலிருந்து அசையாமல், ஒரு வளையத்தைத் திருப்பியே அகன்ற காட்சியிலிருந்து நெருங்கிய காட்சிக்குப் போய்விடலாம். குவியத் தூரம் மாறாத லென்ஸ் பிரைம் லென்ஸ் எனப்படுகிறது. நல்ல பிரைம் லென்ஸ் ஒன்றை வாங்கியவர் அதை முப்பது நாற்பது ஆண்டுகள் வைத்துப் புழங்குவதில் புதுமை இல்லை. ஜூம் லென்ஸுக்கு அந்த ஆயுள் அரிதாகவே வாய்த்தது. வாங்கிய சில ஆண்டுகளிலேயே அதை மாற்றிவிடலாமா என்ற கேள்வி எழுவது இந்தத் தொழிலின் வழக்கமாகவே ஆகிவிட்டது. கண்ணாடி தேய்ந்ததால் எழுந்த கேள்வியும் அன்று. பெரும்பாலான சமயங்களில் லென்ஸ் அப்படியேதான் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஃபிலிம், சென்சார், லென்ஸை மாட்டும் கேமராவின் வாய் ஆகியவற்றில் ஏதோ ஒன்று மாறியிருந்தது.

கண்ணாடிகளுக்கு இடையிலான தூரத்தை மாற்றினால் உருவத்தின் அளவு மாறும் என்பது தொலைநோக்கிக் காலத்திலேயே தெரிந்த செய்தி. பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதரின் பெயர் தாங்கிய பார்லோ லென்ஸ் 1830களில் இந்த வகையில்தான் பயன்பட்டது. ஆனால் கண்ணாடியை நகர்த்தும்போது அளவு மட்டும் மாறுவதில்லை, ஃபோகஸும் விலகிப்போகிறது. தொலைநோக்கியில் பார்ப்பவர் அதை உடனே திருத்திக்கொள்ளலாம். ஓடிக்கொண்டிருக்கும் படச்சுருளில் அதற்கு இடமில்லை. குவியத் தூரம் மாறினாலும் ஃபோகஸ் நிலைத்திருக்கும் லென்ஸுக்கு அமெரிக்காவின் கிளைல் ஆலன் 1902இல் காப்புரிமை பெற்றார். எண்ணம் காகிதத்தில் முழுமையாக இருந்தாலும், அதைப் பொருளாக்கி விற்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1927இல் கிளாரா போ நடித்த 'இட்' என்ற மௌனப் படத்தின் தொடக்கத்தில் ஜூம் காட்சி இடம்பெற்றிருக்கிறது. 1932இல் பெல் அண்ட் ஹவல் நிறுவனம் 'குக் வாரோ' என்ற 40-120 மி.மீ. லென்ஸை ஸ்டுடியோக்களுக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இருந்த டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன் நிறுவனத்தின் ஆர்தர் வார்மிஷாம். பெரிய, கனமான கருவி அது. அருகிலுள்ள பொருளைப் படமெடுக்க முன்னால் தனிக் கண்ணாடி பொருத்த வேண்டியிருந்தது. ஸ்டுடியோக்கள் அதைச் சிறப்புக் காட்சிகளுக்கு எடுத்தாண்டன. அன்றாட வேலை பிரைம் லென்ஸ்களிலேயே நடந்தது.

நகரும் கண்ணாடிகளைக் கொண்டு ஃபோகஸை நிலைநிறுத்த இரண்டு வழிகள் கண்டறியப்பட்டன. ஒன்றில், நகரும் கண்ணாடித் தொகுதிகள் அனைத்தும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு ஒரே அசைவில் போய்வரும். இயந்திர வேலை எளிது. ஆனால் சில குவியத் தூரங்களில் மட்டுமே ஃபோகஸ் துல்லியமாக அமையும். இடைப்பட்ட இடங்களில் சிறு பிழை இருக்கும். இரண்டாவது வழியில், ஒரு தொகுதி நேராக நகரும்போது இன்னொரு தொகுதி வளைந்த காடியைப் பற்றிக்கொண்டு வேறு வேகத்தில் நகர்ந்து பிழையைச் சரிக்கட்டும். அந்தக் காடியை மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு துல்லியத்தோடு கடைந்தெடுக்க வேண்டும். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிராங்க் பாக் 1940களின் நடுவில் உருவாக்கிய 'ஜூமார்' முதல் வழியைச் சேர்ந்தது. பிரான்சில் ரோஜே குவில்லியே 1949 அளவில் வடிவமைத்த 'பான் சினோர்' லென்ஸும் அதே வழியில் வந்தது. பியேர் ஆங்ஜெனியூ 1950களின் பிற்பகுதியில் வெளியிட்ட 17-68 மி.மீ. லென்ஸ் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. காடி கடையும் எந்திரங்கள் மேம்பட்டதும் அந்த வழியே நிலைத்தது. 1960களில் ஆங்ஜெனியூவின் பத்து மடங்கு ஜூம் லென்ஸ் திரைப்படத் துறையில் பரவியது. அதற்காக 1964ஆம் ஆண்டுக்குரிய ஆஸ்கார் அறிவியல் தொழில்நுட்ப விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இந்தக் கட்டத்தில் ஜூம் லென்ஸுக்கு மாறுவதா என்ற முடிவைத் தொலைக்காட்சிதான் முதலில் எடுத்தது. அதுவரை தொலைக்காட்சிக் கேமராவின் முகத்தில் மூன்று நான்கு பிரைம் லென்ஸ்கள் பொருத்திய சுழல்தட்டு இருந்தது. ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குப் போக அதைத் திருப்ப வேண்டும். திருப்பும் நேரத்தில் அந்தக் கேமராவின் படத்தை ஒளிபரப்ப முடியாது. நேரடி விளையாட்டு ஒளிபரப்பில் இது பெரும் இடைஞ்சல். அன்றைய தொலைக்காட்சித் திரையில் தெரிந்த வரிகள் சில நூறு மட்டுமே என்பதால் ஜூம் லென்ஸின் கூர்மைக் குறை வெளியே தெரியவில்லை. சினிமாத் திரை பெரிது. அங்கே தயக்கம் நீடித்தது. பிறகு அந்தத் தயக்கம் உடைந்தபோது ஒரேயடியாக உடைந்தது. சத்யஜித் ராய் 1964இல் எடுத்த 'சாருலதா'வில் ஜூம் அளந்து பயன்படுத்தப்பட்டது. 1970களின் இந்திய வணிகப் படங்களில், தமிழ்ப் படங்களிலும்தான், அதிர்ச்சிச் செய்தியைக் கேட்டவர் முகத்தை நோக்கிக் கேமரா பாய்ந்து பாய்ந்து மீண்டதை அந்தத் தலைமுறை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஸ்டில் கேமராவுக்கு ஜூம் வந்தது 1959இல். தாமதத்துக்குக் காரணம் உண்டு. சினிமாவில் ஒரு சட்டகம் ஒரு நொடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு நேரம்தான் கண்ணில் நிற்கும். அதன் ஓரக் குறைகளை யாரும் பார்க்கப்போவதில்லை. புகைப்படத்தைக் கையில் வைத்து மணிக்கணக்கில் பார்க்கலாம். தவிர, 35 மி.மீ. ஸ்டில் சட்டகத்தின் பரப்பு அதே ஃபிலிமில் பதியும் சினிமாச் சட்டகத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அவ்வளவு பரப்பையும் ஓரம்வரை கூர்மையாக நிரப்ப வேண்டும். ஃபோக்ட்லெண்டர் பெயரில் வந்த 36-82 மி.மீ., எஃப் 2.8 'ஜூமார்' இதற்கு எடுத்துக்கொண்ட கண்ணாடிகள் 14. இதையும் ஃபிராங்க் பாக்தான் வடிவமைத்தார். மியூனிக்கில் கில்ஃபிட் நிறுவனம் தயாரித்தது. முன்புற ஃபில்டரின் விட்டம் 95 மி.மீ. 1.3 மீட்டருக்குள் இருப்பதை அதனால் ஃபோகஸ் செய்ய முடியாது. அப்போது புழக்கத்தில் இருந்த 50 மி.மீ. லென்ஸோடு ஒப்பிட்டால் கூர்மையில் பின்தங்கியிருந்தது. வாங்கியவர்களில் பலர் புதுமையை விரும்பியே வாங்கினார்கள்.

பரவலாக விற்ற முதல் ஸ்டில் ஜூம்களில் ஒன்று நிக்கானின் 43-86 மி.மீ., எஃப் 3.5. தகாஷி ஹிகுச்சி வடிவமைத்த இந்த லென்ஸ் 1963இல் 'நிக்கோரெக்ஸ் ஜூம் 35' என்ற கேமராவில் கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டு வந்தது. நிக்கான் எஃப் கேமராவில் மாட்டும் வடிவமும் அதே காலத்தில் வந்தது. ஒன்பது கண்ணாடிகள், 52 மி.மீ. ஃபில்டர், கைக்கு அடக்கமான உடல். 43 மி.மீ. என்பது 35 மி.மீ. சட்டகத்தின் மூலைவிட்டத்துக்குச் சமம். 86 அதன் இரட்டிப்பு. அகல முனையில் கட்டடங்களின் நேர்கோடுகள் வெளிப்புறம் பிதுங்கின. நீள முனையில் உட்புறம் வளைந்தன. எதிரே வெயில் இருந்தால் படம் வெளிறியது. நிக்கான் தயாரித்தவற்றிலேயே மோசமான லென்ஸ் என்று இதைச் சொல்வது பின்னாளில் ஒரு வாய்பாடாகவே ஆயிற்று. அந்தத் தீர்ப்பு சற்றுக் கடுமையானது. இரண்டு லென்ஸ் வாங்க வசதியில்லாதவருக்கு, குடும்ப விழாவில் குழுப் படமும் முகப் படமும் மாறி மாறி எடுக்க வேண்டியவருக்கு, அது தன் வேலையைச் செய்தது. அஞ்சலட்டை அளவு அச்சில் வளைந்த கோடுகள் யாரையும் உறுத்தவில்லை.

1976இல் அதே பெயரோடு, அதே குவியத் தூரத்தோடு, அதே எஃப் 3.5 அளவோடு வேறொரு லென்ஸ் வந்தது. உள்ளே பதினொரு கண்ணாடிகள். முற்றிலும் புதிய அமைப்பு. கண்ணாடிப் பரப்புகளில் பல அடுக்குப் பூச்சு. வெளியே பார்த்தால் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஜூம் லென்ஸை அதே வகை ஜூம் லென்ஸால் மாற்றுவதா என்ற கேள்வி தெளிவாக எழுந்த முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று. குவியத் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை, ஒளியும் கூடவில்லை. எதிர்வெயிலிலும் கட்டடக் கோடுகளிலும் மட்டுமே பலன். எனவே கட்டடமும் நிலக்காட்சியும் எடுப்பவருக்குப் புதியது தேவைப்பட்டது; வீட்டு விழா எடுப்பவருக்குப் பழையதே போதுமானதாக இருந்தது. பின்னால் வந்த எல்லாத் தலைமுறை மாற்றங்களிலும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு வடிவில் திரும்பி வந்தது.

இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. ஒன்று கணிப்பு. ஒளிக்கதிர் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் எவ்வளவு வளைகிறது என்பதை மடக்கை அட்டவணைகளை வைத்துக்கொண்டு மனிதர்கள் கணக்கிட்ட காலத்தில், ஒரு பிரைம் லென்ஸ் வடிவமைப்புக்கே பல மாதங்கள் ஆகும். ஜூம் லென்ஸில் அதே கணக்கைக் குறைந்தது மூன்று குவியத் தூரங்களுக்குச் செய்ய வேண்டும். ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் 1953இலேயே லென்ஸ் கணக்குக்காகச் சூஸே இசட் 5 கணினியை வாங்கியது. 1960களில் மற்ற நிறுவனங்களும் கணினிக்கு மாறின. இன்னொன்று பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் ஒளியில் ஏறத்தாழ நான்கு விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். கண்ணாடிகள் கூடக் கூட இழப்பும் உள்ளே அலையும் ஒளியும் கூடும். ஒற்றை அடுக்குப் பூச்சை ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் கண்டுபிடித்திருந்தார். பல அடுக்குப் பூச்சை பென்டாக்ஸ் 1971இல் தன் லென்ஸ் வரிசை முழுவதற்கும் கொண்டுவந்தது. நான்கைந்து கண்ணாடி உள்ள பிரைம் லென்ஸுக்கு அது நல்ல வசதி. பன்னிரண்டு பதினான்கு கண்ணாடி உள்ள ஜூம் லென்ஸுக்கோ உயிர்நாடி.

இதன் விளைவு 1970களின் நடுவில் கடைகளுக்கு வந்தது. கேனான் 1973இல் வெளியிட்ட எஃப்.டி. 35-70 மி.மீ. லென்ஸில் நகரும் தொகுதிகள் இரண்டு மட்டுமே. அந்த எளிய அமைப்பு குட்டை ஜூம்களுக்கு முன்மாதிரியாயிற்று. எல்லிஸ் பெடென்ஸ்கியின் குழு வடிவமைத்த விவிடார் சீரிஸ் 1, 70-210 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ், கேமரா நிறுவனங்களின் சொந்த லென்ஸை விடக் குறைந்த விலையில் நெருங்கிய ஃபோகஸும் தந்தது. வெளி நிறுவனத்தின் லென்ஸ் மலிவானது, ஆகவே மட்டமானது என்ற எண்ணத்தை அது அசைத்தது. பையில் இருந்த 85, 135, 200 மி.மீ. பிரைம் லென்ஸ்களை விற்று ஒரு ஜூம் வாங்குவதா என்பதே அன்றைய கேள்வி. எடை, வசதி இரண்டும் ஜூமின் பக்கம் இருந்தன. இருட்டும் ஓரக் கூர்மையும் பிரைமின் பக்கம் நின்றன.

1980களில் ஆட்டோஃபோகஸ் வந்ததும் கேள்வியின் தன்மை மாறியது. கேமராவோடு 50 மி.மீ. லென்ஸைக் கொடுத்த வழக்கம் போய், 35-70 மி.மீ. ஜூமைக் கொடுக்கும் வழக்கம் வந்தது. மினோல்டா 1985இல் 7000 கேமராவையும், கேனான் 1987இல் இ.ஓ.எஸ். 650 கேமராவையும் வெளியிட்டன. கேனான் அப்போது பழைய எஃப்.டி. வாயைக் கைவிட்டு இ.எஃப். வாய்க்கு மாறியது. அந்த முடிவு அதன் பழைய வாடிக்கையாளர்களை இன்றுவரை கசப்போடு பேச வைத்திருக்கிறது. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே எஃப்.டி. கேமராவில் இருந்த தூரம் 42 மி.மீ.; புதிய இ.எஃப். கேமராவில் 44 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த இடைவெளியால் பழைய லென்ஸைப் புதிய கேமராவில் வெறும் வளையம் வைத்து மாட்டினால் தொலைவில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது. நேற்றுவரை குறையின்றி வேலை செய்த ஜூம்கள், புதிய கேமராவுக்கு மாற விரும்பியவரிடம் ஒரே நாளில் மதிப்பிழந்தன. நிக்கான் 1959இன் எஃப் வாயை விடாமல் பிடித்துக்கொண்டது. லென்ஸ் வாங்கும்போது கேமரா வாயின் எதிர்காலத்தையும் சேர்த்தே வாங்குகிறோம் என்ற பாடம் அந்தத் தலைமுறைக்கு இப்படித்தான் பதிந்தது.

அதே பத்தாண்டில் ஜூம்கள் இரண்டு சாதிகளாகப் பிரிந்தன. ஒரு பக்கம் எஃப் 3.5 இல் தொடங்கி நீள முனையில் எஃப் 5.6 ஆகச் சுருங்கும் இலேசான, மலிவான வகை. மறுபக்கம் எல்லாக் குவியத் தூரத்திலும் எஃப் 2.8 ஐ விடாத கனமான வகை. எஃப் எண் என்பது குவியத் தூரத்தை லென்ஸ் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் ஈவு. 200 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8 ஆக வேண்டுமென்றால் அந்த விட்டம் ஏறத்தாழ 71 மி.மீ. இருந்தாக வேண்டும். எஃப் 5.6 என்றால் 36 மி.மீ. போதும். எடைக்கும் விலைக்கும் காரணம் இந்தக் கணக்குதான். அதை எந்தத் தொழில்நுட்பமும் ஏமாற்ற முடியாது. பதிலுக்குக் கிடைப்பது நான்கு மடங்கு ஒளி. எஃப் 5.6 இல் நொடியில் 60இல் ஒரு பங்கு திறக்க வேண்டிய ஷட்டர், எஃப் 2.8 இல் 250இல் ஒரு பங்கு திறந்தால் போதும். ஓடும் ஆட்டக்காரரின் கால் மங்கிப்போவதும் உறைந்து நிற்பதும் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. சென்சிடிவிட்டி 50 அல்லது 100 கொண்ட ஸ்லைடு ஃபிலிமில் வேலை செய்த பத்திரிகைப் புகைப்படக்காரருக்கு வேறு வழியே இருக்கவில்லை. நிக்கானின் ஆட்டோஃபோகஸ் 80-200 எஃப் 2.8 1988இலும், கேனானுடையது 1989இலும் வந்தன. 20-35, 28-70, 80-200 என்ற எஃப் 2.8 மும்மை செய்தித்தாள் அலுவலகங்களின் அடையாளமாயிற்று. அரங்கத்துக்குள்ளும் இரவிலும் வேலை இல்லாதவர் அதை வாங்கிச் சுமந்தது பெரும்பாலும் கௌரவத்துக்காக.

கேனான் 1995இல் வெளியிட்ட 75-300 மி.மீ. லென்ஸில்தான் மாற்றக்கூடிய ஸ்டில் லென்ஸில் முதன்முறையாக நடுக்கத் தடுப்பு இடம்பெற்றது. கை நடுங்குவதை உணர்கருவி அறிந்து, உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதியை எதிர்த்திசையில் நகர்த்தும். தொடக்கத்தில் இரண்டு ஸ்டாப் அளவுக்கு (ஒரு ஸ்டாப் என்பது ஒளியில் இரு மடங்கு) பயன் தந்த இது, 2010இன் 70-200 எஃப் 2.8 இரண்டாம் வடிவத்தில் நான்கு ஸ்டாப் ஆனது. இதனால் பழைய லென்ஸைக் கைவிட ஒரு புதிய காரணம் பிறந்தது. கோயில் மண்டபத்தின் அரையிருளில் நிற்கும் தூணை ஸ்டாண்டு இல்லாமல் எடுக்க அது வரப்பிரசாதம். அதே மண்டபத்தில் ஆடும் பரதநாட்டியக் கலைஞரை உறைய வைக்க அதனால் ஆகாது. கேமராவின் நடுக்கத்தைத்தான் அது தடுக்கும், எதிரே இருப்பவரின் அசைவை நிறுத்தாது. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டை ஒருபோதும் அழுத்திச் சொன்னதில்லை.

டிஜிட்டல் கேமரா வந்ததும் ஃபிலிம் காலத்து ஜூம்கள் அனைத்தும் ஒரே வீச்சில் வேறு லென்ஸ்கள் ஆகிவிட்டன. 2000களின் தொடக்கத்தில் கட்டுப்படியான விலையில் கிடைத்த சென்சார், 35 மி.மீ. சட்டகத்தை விடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி அளவு. அதில் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே பதியும். கேனானில் 1.6 ஆலும் நிக்கானில் 1.5 ஆலும் குவியத் தூரத்தைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். 28-80 மி.மீ. ஜூம் கேனான் கேமராவில் 45-128 மி.மீ. போல நடந்துகொண்டது. சிறிய அறைக்குள் நின்று குடும்பத்தையே எடுத்த லென்ஸ் அந்த வேலைக்கு இனி ஆகாது. இந்த வெற்றிடத்தை நிரப்பியது 18-55 மி.மீ. கிட் லென்ஸ். 2003இல் கேனான் இ.ஓ.எஸ். 300டி அமெரிக்காவில் தனியாக 899 டாலருக்கும், லென்ஸோடு 999 டாலருக்கும் விற்கப்பட்டது. நூறு டாலர் லென்ஸ்; அதன் வாய் பிளாஸ்டிக்; எடை 200 கிராமுக்கும் குறைவு. இன்று நடுவயதில் இருக்கும் புகைப்பட ஆர்வலர்கள் பலருக்கு லென்ஸ் மாற்றும் கேள்வி முதலில் எழுந்தது இந்த 18-55ஐக் கையில் வைத்துக்கொண்டுதான்.

அதற்குக் கேனான் தந்த விடை 2006இல் வந்த இ.எஃப்.-எஸ். 17-55 மி.மீ. எஃப் 2.8. நடுக்கத் தடுப்பும் உண்டு. எடை 645 கிராம். விலை, மாட்டப்போகும் கேமராவின் விலையை எட்டியது. ஒளியிலும் கூர்மையிலும் குறைசொல்ல இடமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. சிறிய சென்சாருக்கென்று செய்த இ.எஃப்.-எஸ். லென்ஸ், 35 மி.மீ. சட்டக அளவு சென்சார் கொண்ட கேனானின் அன்றைய ஃபுல் ஃப்ரேம் கேமராக்களில் பொருந்தவே இல்லை. நாளை ஃபுல் ஃப்ரேமுக்குப் போகும் எண்ணம் இருந்தால் 24-70ஐ இன்றே வாங்கிவிடலாம். ஆனால் சிறிய சென்சாரில் அது 38 மி.மீ. இல் தொடங்கும், அகலக் காட்சி கிடைக்காது. இன்றைய கேமராவுக்கு வாங்குவதா, நாளைய கேமராவுக்கு வாங்குவதா என்று பலர் தடுமாறினர். நாளைய கேமராவுக்காக வாங்கியவர்களில் கணிசமானோர் அந்தக் கேமராவை வாங்கவே இல்லை. அகலக் காட்சி இல்லாமலே சில ஆண்டுகளை ஓட்டினர்.

எதிர்த்திசையில் நடந்த கதையும் உண்டு. நிக்கான் 2003இல் வெளியிட்ட 70-200 மி.மீ. எஃப் 2.8 வி.ஆர். லென்ஸ் அன்றைய சிறிய சென்சார் கேமராக்களில் பெரும் புகழ் பெற்றது. 2007இல் அதே நிக்கானின் முதல் ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டல் கேமராவான டி3 வந்தபோது, அதுவரை சென்சாருக்கு வெளியே விழுந்துகொண்டிருந்த மூலைகள் படத்துக்குள் வந்தன. நீள முனையில் அவை மங்கலாகவும் இருண்டும் இருந்தன. லென்ஸில் எதுவும் மாறவில்லை. 2009இல் இரண்டாம் வடிவம் மூலைகளைச் சரிசெய்தது. ஆனால் அருகில் இருப்பவரை ஃபோகஸ் செய்யும்போது அதன் காட்சிக் கோணம் அகன்றது. 200 என்று எழுதியிருந்தாலும் மிக அருகில் அது 135 மி.மீ. அளவிலேயே காட்டியது. நிலக்காட்சிக்காரருக்கு இரண்டாம் வடிவம் முன்னேற்றம். மேடையில் மணமக்களின் முகத்தை நெருக்கமாக எடுப்பவருக்குப் பழையதே நெருங்கியது. 2016இல் வந்த மூன்றாம் வடிவத்தில்தான் இரண்டு குறைகளும் பெருமளவு தீர்ந்தன.

சென்சாரின் பிக்ஸல் எண்ணிக்கை இன்னொரு அழுத்தத்தைக் கொடுத்தது. கேனான் 5டி கேமராவில் 2005இல் 12.8 மெகாபிக்ஸல், 2008இல் வந்த இரண்டாம் வடிவத்தில் 21.1. நிக்கான் டி800 2012இல் 36.3 மெகாபிக்ஸலைத் தொட்டது. திரையில் நூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் அதற்குள் பரவிவிட்டது. ஃபிலிமில் ஒருபோதும் தெரியாத ஓர மங்கலும் ஊதா விளிம்பும் எல்லார் கண்ணிலும் பட்டன. ஒரு மீட்டர் அகல அச்சு போடுபவருக்கு அது உண்மையான குறை. கைப்பேசித் திரையில் படத்தைப் பகிர்பவருக்கு அது தானே தேடிப்போய் வாங்கிக்கொண்ட கவலை.

கேனான் 24-70 எஃப் 2.8இன் இரண்டாம் வடிவம் இந்தச் சூழலில் 2012இல் வந்தது. 2002இன் முதல் வடிவம் 950 கிராம், இது 805. மூலைக் கூர்மையில் பெரும் தாவல். ஆனால் ஃபில்டர் அளவு 77இலிருந்து 82 மி.மீ. ஆனதால் ஏற்கெனவே வைத்திருந்த ஃபில்டர்கள் பயனற்றுப்போயின. அமெரிக்க விலை 2,300 டாலரை ஒட்டி இருந்தது. பலர் எதிர்பார்த்த நடுக்கத் தடுப்பும் இல்லை. அதை அதே ஆண்டில் தன் 24-70 எஃப் 2.8இல் கொடுத்தது டாமரான், குறைந்த விலைக்கு. நிக்கான் 2015இல் நடுக்கத் தடுப்பைச் சேர்த்தபோது லென்ஸ் 900 கிராமிலிருந்து 1,070 கிராமுக்கு ஏறியது. எந்தப் புதிய வடிவமும் பழையதை எல்லா விதத்திலும் வெல்லவில்லை. ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது. பறவை எடுப்போரிடையே பரவலான கேனான் 100-400 மி.மீ. லென்ஸிலும் இதே கதை. 1998இன் முதல் வடிவம் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளி ஜூம் செய்வது. காற்றோடு தூசியையும் உறிஞ்சுகிறது என்று கேலி பேசப்பட்டது. 2014இன் இரண்டாம் வடிவத்தில் திருகும் வளையம் வந்தது. மிக அருகில் ஃபோகஸ் ஆகும் தூரம் 1.8 மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கியது. அதனால் பறவைக்காரர் தும்பியையும் வண்ணத்துப்பூச்சியையும் அதே லென்ஸில் எடுக்க முடிந்தது. பறக்கும் பறவையை இழுப்பு அசைவில் சட்டெனப் பிடிக்கப் பழகிய சிலரோ பழையதை விடவில்லை.

இந்த ஓட்டத்துக்கு நடுவே கேமராவே லென்ஸின் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. ஃபிலிமில் சென்சிடிவிட்டி 800 என்றாலே பொரிப்பொரியாகத் தெரியும். டி3 போன்ற கேமராக்களில் 6400 என்பதே புழங்கத்தக்க எண். எஃப் 4 லென்ஸும் புதிய கேமராவும் சேர்ந்து, எஃப் 2.8 லென்ஸும் பழைய கேமராவும் செய்ததைச் செய்தன. நேர்கோடுகளின் வளைவைத் திருத்தும் லென்ஸ் விவரக் கோப்புகள் 2010இல் ஃபோட்டோஷாப்பிலும் லைட்ரூமிலும் வந்தன. 1963இன் 43-86இல் கட்டடம் எடுத்தவரை வதைத்த பிதுங்கல், அதன் பிறகு ஒரு சொடுக்கில் நேராகும் விஷயம். வடிவமைப்பாளர்களும் இதைப் பயன்படுத்திக்கொண்டனர்: வளைவை மென்பொருளிடம் விட்டுவிட்டு, மிச்சமான சுதந்திரத்தை எடை குறைப்பதிலும் மென்பொருளால் திருத்த முடியாத பிழைகளைக் களைவதிலும் செலவிட்டனர்.

2018இல் கேனானும் நிக்கானும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டுவந்தபோது மீண்டும் வாய் மாறியது. கேமராவுக்குள் இருந்த பிரதிபலிப்புக் கண்ணாடி போனதால் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைப்பட்ட தூரம் குறைந்தது: நிக்கான் எஃப் வாயில் 46.5 மி.மீ. இருந்தது இசட் வாயில் 16 மி.மீ.; கேனானில் 44இலிருந்து 20 மி.மீ. 1987இன் வடு நினைவிருந்ததோ என்னவோ, இம்முறை இரண்டு நிறுவனங்களும் பழைய லென்ஸை மாட்டும் அடாப்டரைத் தொடக்கத்திலேயே விற்றன. தூரம் குறைந்ததில் ஒரு வேடிக்கையும் நடந்தது. இ.ஓ.எஸ்.ஸில் பொருந்தாத எஃப்.டி. ஜூம்கள், வெறும் உலோக வளையத்தின் துணையோடு மிரர்லெஸ் கேமராக்களில் மீண்டும் வேலை செய்யத் தொடங்கின. புதிய வாய்க்கென்று செய்த லென்ஸ்களில் எடைக் குறைப்பு தெளிவாகத் தெரிந்தது. சோனியின் 24-70 எஃப் 2.8 ஜி.எம். 2016இல் 886 கிராம். 2022இன் இரண்டாம் வடிவம் 695. கேமராவின் உடலுக்குள்ளேயே சென்சாரை அசைத்து நடுக்கம் தடுக்கும் முறை பரவியதால், லென்ஸில் அது இல்லையே என்பதற்காக மட்டும் பழைய ஜூமை விற்க வேண்டிய அவசியமும் தளர்ந்தது.

புதியதை வாங்குவதற்கு எதிர்ப்பக்கத்தில் பழைய லென்ஸின் நிலையையும் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஜூம் லென்ஸில் நகரும் பாகங்கள் அதிகம். ஒரே மாதிரியின் இரண்டு பிரதிகளுக்கு இடையிலான வேறுபாடு பிரைம்களை விட ஜூம்களில் கூடுதல் என்பதை, வாடகைக்கு விடும் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான லென்ஸ்களை அளந்து காட்டின. ஆகவே மாதிரியின் பெயரை மட்டும் வைத்து வாங்கியவர் தன் பழைய நல்ல பிரதியைக் கொடுத்துப் புதிய சுமாரான பிரதியைப் பெறுவதும் நடந்தது. கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் கண்ணாடிக்கு இடையே பூஞ்சை படர்வது இன்னொரு பக்கம். பத்துப் பன்னிரண்டு கண்ணாடிகளைக் கழற்றித் துடைத்து, அதே அச்சில் மீண்டும் பொருத்துவது பிரைம் லென்ஸைப் போல எளிதன்று. உற்பத்தி நின்ற மாதிரிக்கு ஃபோகஸ் மோட்டாரோ உள்வயரோ கிடைக்காமல் போகும் கட்டத்தில், மாற்றும் முடிவை உரிமையாளருக்காகப் பழுதுபார்ப்பவரே எடுத்துவிடுகிறார்.

கடைசியாக வந்து சேர்ந்த காரணம் வீடியோ. ஸ்டில் ஜூம்கள் பலவற்றில், குவியத் தூரத்தை மாற்றினால் ஃபோகஸ் விலகும். ஆட்டோஃபோகஸ் உடனே திருத்திவிடும் என்ற நம்பிக்கையில் 1980களிலிருந்தே அந்தக் கட்டுப்பாட்டை வடிவமைப்பாளர்கள் தளர்த்தியிருந்தனர். ஃபோகஸ் மாறும்போது காட்சி லேசாக விரிந்து சுருங்குவதையும் புகைப்படக்காரர்கள் பொருட்படுத்தியதில்லை. கல்யாண ஸ்டுடியோக்களில் ஒரே கேமரா புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் பயன்படத் தொடங்கியதும் இரண்டும் குறைகளாயின. சோனி 2021இல் ஏ7 IV கேமராவில், விரிந்து சுருங்கும் அளவைக் கணக்கிட்டுப் படத்தை வெட்டிச் சமன்செய்யும் வசதியைக் கொடுத்தது. அது சோனியின் சொந்த லென்ஸ்களில் குறிப்பிட்ட சிலவற்றோடு மட்டுமே இயங்கும். வேறு நிறுவனத்தின் ஜூம் வைத்திருப்பவர் கேமராவை மாற்றினாலும் அந்தப் பலனைப் பெற லென்ஸையும் மாற்றியாக வேண்டும்.